பக்கவாதம் வந்து ஐந்து மாதம்: இனி வீட்டில் என்ன செய்வது?

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டது இது. அப்பாவுக்கு 58 வயது, ரப்பர் பால் வெட்டும் வேலை. ஐந்து மாதத்துக்கு முன் மூளை இரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் தளர்ந்தன, பேச்சு நின்றது. இப்போது ஒருவர் பிடித்தால் நடக்கிறார். வலது கை விரல்கள் மடங்கியே இருக்கின்றன. நாலைந்து சொல் மட்டும் வருகிறது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட், "வரவேண்டியது வந்தாச்சு" என்று நிறுத்திவிட்டார். வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் கொண்டுபோய் 41 நாள் எண்ணெய் போட்டால் சரியாகும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அம்மா ஒருத்திதான் இரவும் பகலும் கூட இருக்கிறார். இனி முன்னேற்றம் வருமா, எவ்வளவு காலம், என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

வரும். ஆனால் முதல் மூன்று மாதத்தில் வந்த வேகத்தில் வராது. அடைப்பைச் சுற்றி வீங்கியும் மயங்கியும் கிடந்த மூளைப் பகுதி அந்தக் காலத்தில் தானாகவே விழித்துக்கொள்கிறது. அதனால்தான் நாளுக்கு நாள் மாற்றம் தெரிந்தது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் பழக்கத்தால் வருவது. செத்துப்போன பகுதி செய்த வேலையை, பிழைத்திருக்கும் பகுதி கற்றுக்கொள்ள வேண்டும். ஓராண்டு, இரண்டு ஆண்டு கழிந்தும் நடையும் கையும் பேச்சும் மேம்பட்டவர்கள் உண்டு. ஐந்தாம் மாதத்தில் முன்னேற்றம் நின்றதுபோலத் தோன்றினால், பயிற்சி நின்றுபோனதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பயிற்சி என்றால் எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் ஏமாறுகின்றன. கை பயிற்சியில் ஓர் அமர்வுக்குள் நோயாளி எத்தனை முறை உருப்படியான வேலை செய்கிறார் என்று தெரபி நிலையங்களில் எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. சராசரி 32 முறை. விலங்குகளின் மூளையில் மாற்றம் கண்ட ஆய்வுகளில் ஒரு நாளைக்கு 400 முதல் 600 முறை செய்ய வைத்திருந்தார்கள். வாரம் மூன்று நாள் யாரோ வந்து காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவதால் மூட்டு இறுகாமல் இருக்கும், மூளை எதையும் கற்காது. அப்பா தானே முயல வேண்டும், அதுவும் நாள் முழுக்கச் சிதறிச் சிதறி. அதனால் ஒரு மணி நேர "எக்ஸசைஸ்" என்ற கணக்கை விட்டு, விடியலில் இருந்து படுக்கும் வரை அவர் செய்யும் வேலைகளையே பயிற்சியாக மாற்றுவதுதான் வழி.

காலில் தொடங்கலாம். உட்கார்ந்து எழுவது எல்லாவற்றுக்கும் அடிப்படை. கை இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள், உயரம் முழங்கால் மட்டத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20 அங்குலம். இரு பாதமும் தரையில், குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னே. நல்ல கையால் தளர்ந்த கையைக் கோத்து முன்னே நீட்டி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் வரை குனிந்து, பிறகு எழ வேண்டும். நேராக உட்கார்ந்தபடியே எழ முயன்றால் பின்னால் சாய்வார். அவரைத் தூக்க வேண்டிய பாரம் அம்மாவின் இடுப்பில் விழுவது அதனால்தான். முதலில் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. அது இலகுவானதும் நல்ல காலை இரண்டு அங்குலம் முன்னே வைக்கச் சொல்லுங்கள், எடை தளர்ந்த காலுக்குப் போகும். பிறகு நாற்காலியின் உயரத்தைக் குறையுங்கள். காலை காப்பிக்கு முன் பத்து, குளிக்கப் போகும்போது பத்து என்று சேர்த்தால் நாளொன்றுக்கு அறுபது எளிதாக வந்துவிடும்.

நடைக்கு ஊன்றுகோல் நல்ல கையில், அதாவது இடது கையில். பலர் தளர்ந்த பக்கமே கொடுக்கிறார்கள், தவறு. செருப்பு போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம்தான் கம்பின் உயரம். வரிசை: கம்பு, தளர்ந்த கால், நல்ல கால். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில். கூட நடப்பவர் தளர்ந்த பக்கத்தில், அரை அடி பின்னே நிற்க வேண்டும். பிடிப்பது இடுப்புக்கச்சையை. கைலி கட்டுபவராக இருந்தால் அதன் மேல் அகலமான தோல்பெல்ட் ஒன்று போட்டு அதைப் பிடிக்கலாம். தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, காரணம் கீழே வருகிறது.

நடக்கும்போது பாதம் தொங்கி விரல் தரையில் உரசினால், கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் தேவை. ஏ.எஃப்.ஓ. என்று கேட்டால் கொடுப்பார்கள். இதை அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும், கடையில் தொங்குவதை வாங்கக் கூடாது. பருத்திச் சாக்ஸ் போட்டு அதன்மேல் அணிந்து, பின்பட்டை உள்ள ஷூவுக்குள் வைக்க வேண்டும். அந்த ஷூ வழக்கத்தைவிட ஒரு சைஸ் பெரிதாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது நம் பழக்கம், ஆனால் ஸ்பிளிண்ட் இல்லாமல் அதே நடையைப் பழகினால் இடுப்பைத் தூக்கிக் காலை வட்டமடித்து வீசும் நடை ஊறிவிடும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்துகிறது, செய்தவரிடம் கொடுத்துச் சூடாக்கி விரிக்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தால் அவருக்குத் தெரியாது.

முன்னேற்றத்தை அளக்க ஒரு எளிய வழி. முற்றத்தில் பத்து மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள், மாதம் ஒருமுறை நேரம் பாருங்கள். 25 நொடிக்கு மேல் ஆனால் வீட்டுக்குள் மட்டும் நடப்பவர். பன்னிரண்டு, பதின்மூன்று நொடிக்குள் வந்தால் சந்தைக்கும் சர்ச்சுக்கும் துணையில்லாமல் போகும் வேகம். இந்த எண்ணைச் சுவர் காலண்டரில் எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அதில் தெரியும், அப்பாவுக்கும் அது ஒரு தெம்பு.

கைக்கு வருவோம், இங்கேதான் அதிகக் கெடுதி நடக்கிறது. தளர்ந்த தோளில் எலும்பைக் குழிக்குள் பிடித்து வைப்பது தசைதான். தசை தளர்ந்தால் கையின் பாரமே எலும்பைக் கீழே இழுக்கிறது. அந்த நிலையில் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவது, சட்டை போடும்போது இழுப்பது, கப்பி கட்டிக் கயிற்றை மாறி மாறி இழுக்கவைப்பது எல்லாம் தோளைக் கிழிக்கும். கப்பிக் கயிறு பல வீடுகளில் வாசல் நிலையில் தொங்குகிறது. பக்கவாதத் தோளுக்கு அது ஆகாது, இன்றே அவிழ்த்துவிடுங்கள். உட்காரும்போது தளர்ந்த கை எப்போதும் தலையணை மேலோ மேசை மேலோ இருக்கட்டும். கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் தூளி நடக்கும்போது மட்டும் போதும். நாள் முழுக்கப் போட்டால் கை மடங்கியபடியே இறுகிவிடும். கையை உயர்த்திவிடும்போது தோள் மட்டத்துக்கு மேல் போக வேண்டுமென்றால், உள்ளங்கை மேல்நோக்கும்படி கையை வெளிப்பக்கம் திருப்பிய பிறகே உயர்த்துங்கள். வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள். சட்டை போடும்போது தளர்ந்த கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது கடைசியில் வர வேண்டும்.

அடுத்தது பந்து. ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. உங்கள் அப்பாவின் விரல் ஏற்கெனவே மடங்கிக் கிடக்கிறது. மடக்கும் தசைக்கு அவரிடம் பஞ்சமில்லை, விரிக்கும் தசைக்குத்தான் பஞ்சம். பந்தைப் பிசையப் பிசைய இறுக்கம் கூடும். அவருக்கு வேண்டியது பிடித்ததை விடும் பயிற்சி. பால் எடுக்கும் சிரட்டையை மேசையில் கவிழ்த்து வைத்து, அதைப் பிடித்து ஒரு சாண் தள்ளி வைத்து, விரலை விரித்து விடச் சொல்லுங்கள். இருபது சிரட்டை, ஐந்து சுற்று என்றால் நூறு முறை ஆகிவிட்டது. துவர்த்தை, அதாவது துண்டை, மேசையில் விரித்து உள்ளங்கையால் முன்னே தள்ளித் துடைப்பது, டப்பா மூடியைத் திருகுவது, புளியங்கொட்டையைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது, ஏத்தம்பழத்தோலை உரிப்பது எல்லாம் நல்ல வேலைகள். வருடக்கணக்கில் கையில் பிடித்த பொருள்களைக் கொடுத்தால் பயிற்சி அவருக்கு அந்நியமாக இருக்காது. ஆனால் வெட்டுக்கத்தி மட்டும் வேண்டாம்.

மணிக்கட்டை மேல்நோக்கி இருபது டிகிரியும் விரல்களைப் பத்து டிகிரியும் தானே விரிக்க முடிந்தால், நல்ல கையைக் கட்டிவைத்துத் தளர்ந்த கையை மட்டும் வேலை வாங்கும் சிகிச்சைக்கு அவர் தகுதியானவர். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதத்துக்குள் இருந்தவர்களிடம் இது பலன் தந்ததாக 2006-ல் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. இரண்டு வாரம், நாளுக்குப் பல மணி நேரம், தெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் செய்ய வேண்டியது. அந்த அளவுக்கு விரல் விரியாதவரின் நல்ல கையைக் கட்டினால் மன உளைச்சல்தான் மிஞ்சும்.

ஐந்து மாதத்தில் விரலில் துளிகூட அசைவு இல்லையென்றால், அந்தக் கை முழு வேலைக்குத் திரும்புவது கடினம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போதும் வேலை இருக்கிறது: வலி வராமல் காப்பது, உள்ளங்கை அழுகாமல் காப்பது, தட்டைப் பிடித்துக்கொள்ளவும் பேப்பரை அழுத்திக்கொள்ளவும் அதை ஒத்தாசைக் கையாக்குவது, இடது கையால் எழுதவும் உண்ணவும் பழகுவது. மடங்கிய விரலை நேரே பற்றி இழுத்து விரிக்காதீர்கள். முதலில் மணிக்கட்டை உள்பக்கம் நன்றாக மடக்குங்கள், விரல்கள் தானே தளரும். பிறகு பெருவிரலின் அடியைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, மற்ற விரல்களை மெல்ல விரித்து, கடைசியில் மணிக்கட்டை நிமிர்த்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளங்கை எப்போதும் வியர்த்திருக்கும். தினமும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நகத்தை ஒட்ட வெட்டி வைக்காவிட்டால் புண்ணும் நாற்றமும் வரும்.

இறுக்கம் ஒரே வாரத்தில் திடீரென்று கூடினால், மூளையைக் குறை சொல்வதற்கு முன் மலச்சிக்கல், மூத்திரத்தில் தொற்று, படுக்கைப் புண், உள்ளே வளர்ந்த கால்நகம் இவற்றைத் தேடுங்கள். உடம்பில் எங்கே உறுத்தினாலும் அது இறுக்கமாக வெளிப்படும். அதெல்லாம் இல்லாமலே இறுக்கம் நடையையோ கை சுத்தத்தையோ கெடுத்தால் பாக்லோபென் மாத்திரை உண்டு. சிறு அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். தூக்கம் அசத்தும், சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. குறிப்பிட்ட தசையில் மட்டும் இறுக்கமென்றால் போட்டுலினம் ஊசி போடலாம். பலன் ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும், அந்த மூன்று மாதத்தில் ஸ்பிளிண்ட்டும் பயிற்சியும் சேர்ந்தால்தான் போட்ட காசுக்குப் பொருள்.

பேச்சு. வலப்பக்கம் தளர்ந்து பேச்சும் போனால், பெரும்பாலும் சொல்லைத் தேடி எடுக்கும் மூளைப்பகுதி அடிபட்டிருக்கிறது. புத்தி மங்கவில்லை. அவர் முன்னால் வைத்து அவரைப்பற்றி மூன்றாம் ஆளாகப் பேசாதீர்கள். எல்லாம் புரியும், அல்லது பாதியாவது புரியும். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் கத்துவதால் பயனில்லை. ஒரு சமயம் ஒரு விஷயம், குட்டி வாக்கியம், டிவியை அணைத்துவிட்டு. கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவர் தேடும் சொல்லை உடனே நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அவர் தேடுவதை நிறுத்திவிடுவார். முதல் எழுத்தை மட்டும் வாயசைத்துக் காட்டலாம். "என்ன வேணும்?" என்பதைவிட "கஞ்சியா, சாயாவா?" என்று கேட்டால், இரண்டையும் கையில் காட்டினால், பதில் வரும்.

மனப்பாடமாக ஊறியது தனி வழியில் வெளிவரும். ஒன்று முதல் பத்து, கிழமைப் பெயர்கள், சர்ச்சில் பாடிய கீர்த்தனை, அய்யாவழிப் பதியில் சொல்லும் உச்சிப்படிப்பு, தொழுகையில் ஓதும் சூரா ஆகியவற்றில் பேச முடியாதவரும் கூடச் சேர்ந்து சொல்வதைப் பார்க்கலாம். அதில் தொடங்கி, பாட்டின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு அவரைச் சொல்லவைத்து, பிறகு அன்றாடச் சொற்களுக்கு இழுத்துவர வேண்டும். விளவங்கோடு பக்கத்து வீடுகளில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். அப்பா வீட்டில் எதைப் பேசினாரோ அதிலேயே பயிற்சி கொடுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் முறைப்படி ஒருமுறையாவது காட்டி, எந்தப் பகுதி அடிபட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

விழுங்குவதை யாரும் கேட்கவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் நீர்கோத்ததுபோல் களகளப்பது, கன்னத்தில் சோறு தங்குவது, அடிக்கடி சளிக்காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவு மூச்சுக்குழலுக்குள் போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு இருமலே வராமல் போகும். நம் வீட்டு உணவில் இதற்கு மிக மோசமானது கஞ்சியும் பயறும்தான். எளிதில் செரிக்கும் என்று எல்லோரும் அதையே கொடுக்கிறார்கள். வாயில் பயறை மெல்லும்போதே கஞ்சித்தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடிவிடும். தண்ணீரும் பருக்கையும் தனித்தனியாகப் பிரியாமல் கூழாகக் கடைந்து கொடுங்கள். புட்டு உதிர்ந்து சிதறும், அதுவும் வேண்டாம். மரச்சீனிக் கிழங்கை நன்றாக வேகவைத்து மசித்து மீன்குழம்பு விட்டுப் பிசையலாம். சாளை முள்ளோடு போராட வேண்டாம், முள் குறைந்த மீனை உதிர்த்துப் பாருங்கள். அவித்த ஏத்தம்பழம் நல்லது. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நெஞ்சுப்பக்கம் லேசாக இறக்கி, சிறு கரண்டியில், ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய். சாப்பிட்டு அரைமணி படுக்கக் கூடாது. பல் தேய்த்து வாயைச் சுத்தமாக வைப்பது நிமோனியாவைத் தடுக்கும் மிக மலிவான மருந்து.

இப்போது ஆசான் விஷயம். இந்த மாவட்டத்தில் வர்ம வைத்தியம் தலைமுறைகளாக இருக்கிறது. அதில் நம்பிக்கை உள்ள வீட்டில் "வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க முடியாது. வெதுவெதுப்பான எண்ணெய் தடவி மென்மையாகத் தேய்ப்பதால் கெடுதல் இல்லை, தசை தளரும், மனமும் ஆறும். சில நிபந்தனைகள் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். பிரஷர், சர்க்கரை, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், ஏனென்றால் பத்தியத்தோடு மாத்திரையையும் நிறுத்தி இரண்டாவது ஸ்ட்ரோக்கோடு திரும்புவது இந்த வழியில் நடக்கும் மிகப் பெரிய அழிவு. சூட்டுக்கிழி ஒத்தடம் உணர்ச்சியற்ற தோலில் வைக்கக் கூடாது, வெந்தாலும் அவருக்குத் தெரியாது. கழுத்தைத் திருகுவது, அழுத்துவது கூடாது. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்கக் கூடாது, உள்ளே கட்டிய இரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். பத்தியம் என்று மீனையும் முட்டையையும் 41 நாள் நிறுத்தக் கூடாது, தளர்ந்த தசை இன்னும் கரையும். பஸ்பம், செந்தூரம் உள்ளுக்குக் கொடுத்தால் நரம்பியல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டிவரும். அந்த 41 நாளும் நாற்காலியில் இருந்து எழும் பயிற்சியும் சிரட்டைப் பயிற்சியும் தொடர வேண்டும். படுக்கவைத்துத் தேய்ப்பதிலேயே நாள் கழிந்தால் நஷ்டம். புறா இரத்தம் தடவுவதில் எந்தப் பயனும் இல்லை.

இரண்டாவது ஸ்ட்ரோக் என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு முதல் ஆண்டிலும், நான்கில் ஒருவருக்கு ஐந்து ஆண்டுக்குள்ளும் திரும்ப வருகிறது. பிரஷர் 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டில் டிஜிட்டல் மெஷின் வைத்து வாரம் இரண்டு நாள், ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின், நல்ல கையில் பாருங்கள். உப்பு நாளொன்றுக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன், அதில் கருவாடும் ஊறுகாயும் அடக்கம். அடைப்பால் வந்த ஸ்ட்ரோக்குக்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரை ஆயுளுக்கும் தொடரும். இதைப் படிக்கும் வேறு வீட்டில் இரத்தக் கசிவால் வந்திருந்தால், டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. இரண்டும் வேறு நோய். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் கீரையை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம், வாரவாரம் ஒரே அளவாக இருக்கட்டும். பீடியும் வெற்றிலையோடு போடும் புகையிலையும் அறவே நிற்க வேண்டும். முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் வாயில் மாத்திரையோ தண்ணீரோ ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அப்போதிலிருந்து நாலரை மணி நேரம்தான். சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும். இடையில் ஒரு சின்ன கிளினிக்கில் இறங்கினால் அந்த நேரம் போய்விடும்.

வீடு. சாலையிலிருந்து படி ஏறியோ இறங்கியோ போகும் வீடுகள்தான் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் அதிகம். படிக்கு இரு பக்கமும் கைப்பிடி வேண்டும், ஒரு பக்கம் போதாது. அவருக்குப் பிடிக்க இடது கை மட்டுமே இருப்பதால், ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறுபக்கமும் தேவைப்படும். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று முற்றமும் கிணற்றடியும் பாதி வருடம் பாசிதான். நடக்கும் வழியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, சொரசொரப்பாகச் சிமென்ட் போடுங்கள். சக்கர நாற்காலிக்குச் சரிவு கட்டினால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் தள்ளுபவர் தடுமாறுவார். கக்கூஸில் குந்துவது முடியாது. வெஸ்டர்ன் மாற்ற வசதியில்லையென்றால் நடுவில் ஓட்டையுள்ள கமோடு ஸ்டூலை அதன் மேல் வைக்கலாம், ஆனால் கால்களுக்கு ரப்பர் குப்பி இருக்க வேண்டும். உட்கார்ந்தபின் இடது கைப்பக்கம் வரும் சுவரில் இரும்புப்பிடி, செங்கல்லில் ஆழத் துளையிட்டு இறுக்கியது. பைப்பையோ துவர்த்துக் கம்பியையோ பிடித்து எழுந்தால் அதோடு சேர்ந்து விழுவார். இரவில் மூத்திரத்துக்குப் பதறி எழுந்துதான் பலர் விழுகிறார்கள். படுக்கும் முன் ஒருமுறை, நடு இரவில் ஒருமுறை நீங்களே எழுப்பி அழைத்துப் போங்கள்.

மனம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நம் வீடுகளில் அதற்கு "மடி", "பிடிவாதம்" என்று பெயர். பயிற்சிக்கு எழ மறுப்பது, பேரப்பிள்ளை வந்தாலும் முகம் திருப்புவது, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக் கிடப்பது, "என்னை விட்டுருங்க" என்று சைகை காட்டுவது எல்லாம் நோயின் அறிகுறிகள். இதற்கு மாத்திரை உண்டு, வேலை செய்யும். மனச்சோர்வுக்கான ஃப்ளுவோக்ஸிடின் மாத்திரையைக் கொடுத்தால் கை கால் சீக்கிரம் வரும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 2018-ல் வெளியான பெரிய ஆய்வில் அது பொய்த்தது, எனவே சோர்வு இருந்தால் மட்டும் போதும். காரணமில்லாமல் சட்டென்று அழுவதும் சிரிப்பதும் வேறு. அது உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் நரம்புவழி அடிபட்டதால் வருவது. அந்த நேரம் சமாதானம் செய்யாமல் பேச்சை மாற்றினால் அடங்கும்.

வேலைக்குத் திரும்புவது பற்றிக் கேட்காவிட்டாலும் அவர் மனதில் அதுதான் ஓடும். இருட்டில் மேட்டிலும் சரிவிலும் ரப்பர் பால் வெட்டப் போவது இப்போதைக்கு முடியாது. ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினிலும் உட்கார வைக்காதீர்கள். உணர்ச்சியற்ற கை உருளைக்குள் போனால் தெரியாது, ஆசிட் தெறித்தாலும் தெரியாது. நாற்றுப்பையில் மண் நிரப்புவது, ஷீட் கணக்குப் பார்ப்பது என்று இடது கையால் முடிந்ததை, ஒரு மணி நேரமானாலும், கொடுங்கள். வலிப்பு வந்திருந்தால் கிணறு, குளம், அடுப்பு மூன்றின் பக்கமும் தனியாக விடக் கூடாது.

அம்மாவைப் பற்றி. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரை வைத்து நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017-ல் வெளியானது. வீட்டில் ஒருவருக்குப் பயிற்சிமுறை கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அவர்கள் மேலாக இல்லை. வீட்டார் செய்வது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவர் இடையிடையே பார்த்துத் திருத்தாமல், முழுப் பாரத்தையும் ஒரு மனைவியின் தலையில் வைத்தால் நடக்காது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஊருக்கு வரும் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கு வரும், தேவைப்படுபவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட்டும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் வரும் நாளில் எல்லாப் பயிற்சியையும் அவர்களைச் செய்யச் சொல்லாமல், நீங்கள் செய்வதைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பக்கத்தில் தக்கலை அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். வாரத்தில் ஒரு முழு நாள், இரண்டு இரவு அம்மாவுக்குப் பதிலாக வேறு யார் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேர் போட்டு முடிவு செய்யுங்கள். "நான் பாத்துக்கிடுவேன்" என்று அவர் சொல்வதை ஏற்காதீர்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். நரம்பு சார்ந்த ஊனத்தை அதற்கு முன் பொதுவாக மதிப்பிட மாட்டார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி கை கால் குறைபாடு மட்டுமல்ல, மூளை பாதிப்பால் வந்த நிரந்தரப் பேச்சிழப்பும் தனி வகையாக எண்ணப்படும். இரண்டையும் குறிப்பிடச் சொல்லுங்கள். பல வீடுகளில் பேச்சைச் சொல்லாமலே சதவீதம் குறைந்து போகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் திறக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ ஆகியவற்றின் நகலை ஒரே ஃபைலில் வையுங்கள். உதவித்தொகை, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கணுக்கால் ஸ்பிளிண்ட் ஆகியவற்றுக்கு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது அவர் நடப்பதை முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அரை நிமிடம் போனில் எடுத்துக்கொண்டு போங்கள், இந்த மாதத்து பத்து மீட்டர் கணக்கும் பிரஷர் நோட்டும் கூட. இரண்டு நிமிட ஓ.பி.யில் டாக்டருக்கு நீங்கள் வாயால் சொல்ல முடியாததை அவை சொல்லிவிடும்.